பர்கூர் மலையில் வன உரிமைக் கோரிக்கை: 75 ஆண்டுச் சான்றும் சரணாலய அறிவிப்பும்

கேள்வி
பதிந்தவர்: மலையூர்ப் பட்டதாரி

வணக்கம். ஈரோடு மாவட்டம் அந்தியூர் வட்டத்துப் பர்கூர் மலையில் உள்ள ஒரு சிற்றூர் என்னுடையது. நாங்கள் மலையாளி என்ற மலைவாழ் சமூகத்தைச் சேர்ந்தவர்கள், கேரளத்து மலையாளிகள் அல்ல. தருமபுரி, சேலம், புதுக்கோட்டை, திருச்சி, பழைய வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டங்களில் வாழும் மலையாளிகள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு, ஆனால் பட்டியலில் ஈரோடு இல்லாததால் எங்களுக்கு இனச்சான்று கிடைப்பதில்லை. எனவே 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் பழங்குடியினருக்கான பிரிவில் நாங்கள் விண்ணப்பிக்க முடியாமல், 'பிற பாரம்பரிய வனவாசிகள்' என்ற பிரிவில் விண்ணப்பித்தோம்.

என் தந்தையார் இரண்டரை ஏக்கரில் ராகியும் சாமையும் அவரையும் பயிரிட்டு வருகிறார். அது அவருடைய தாத்தா காலத்திலிருந்து எங்கள் அனுபவத்தில் உள்ள நிலம். வன உரிமைக் குழு விண்ணப்பத்தை ஏற்று, கிராம சபையும் பரிந்துரைத்து அனுப்பியது. உட்கோட்ட அளவில் அது நின்றுவிட்டது. 'இதே நிலத்தில் 75 ஆண்டுகள் பயிர் செய்ததற்கு ஆவணம் வேண்டும், இல்லையென்றால் செயற்கைக்கோள் படமாவது வேண்டும்' என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. பட்டாவே இல்லாத நிலத்துக்கு வரி ரசீது எங்கிருந்து வரும்? எங்களிடம் இருப்பவை குடும்ப அட்டை, பழைய வாக்காளர் பட்டியல், நிலத்தின் மேல்கோடியில் இருக்கும் கொள்ளுத்தாத்தாவின் சமாதி, அவர் காலத்தில் கட்டிய கல்வரப்பு, இரண்டு முதிர்ந்த பலா மரங்கள் ஆகியவை மட்டுமே. பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் வனத்துறையே கொடுத்த மேய்ச்சல் கட்டண ரசீதுகள் சில கிடைத்தன. அவை பயன்படுமா என்று தெரியவில்லை.

இரண்டாவது கேள்வி பட்டிகளைப் பற்றியது. எங்கள் மலையில் லிங்காயத்துகளும் சோளகர்களும் நாங்களும் செம்மறை எனப்படும் பர்கூர் இன மாடுகளைக் காட்டுக்குள் பட்டி போட்டு வளர்ப்பது வழக்கம். 2024 ஜனவரியில் அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களில் சுமார் 80 ஆயிரம் ஹெக்டேர் காப்புக்காட்டைத் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். இதனால் மேய்ச்சல் உரிமை அடியோடு போய்விடுமா?

மூன்றாவதாக, காட்டின் மீது ஊர் முழுவதற்குமான சமூக உரிமைக்கும் விண்ணப்பிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். 'முதலில் நிலத்துக்குப் பட்டா வரட்டும், காட்டையும் சேர்த்துக் கேட்டால் இரண்டும் கெட்டுப்போகும்' என்று ஊர்ப் பெரியவர்கள் தயங்குகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டா?


மறுமொழி 1
பதிந்தவர்: நிலச்சட்ட வழக்கறிஞர்

தம்பிக்கு வணக்கம். உங்கள் முதல் கேள்விக்கான விடை சட்டத்தின் சொற்களிலேயே இருக்கிறது. அலுவலகங்களில்தான் அதைத் தவறாகப் படித்துவிடுகிறார்கள். 'பிற பாரம்பரிய வனவாசி' என்பவர் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறைக் காலம் முதன்மையாகக் காட்டில் வசித்து, வாழ்வாதாரத்துக்குக் காட்டையோ வன நிலத்தையோ சார்ந்து இருந்தவர். ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டுகள் என்று சட்டமே கணக்கு வைத்திருக்கிறது. இந்த 75 ஆண்டுகள் அப்பகுதியில் வாழ்ந்ததற்கும் காட்டைச் சார்ந்திருந்ததற்கும் உரியவை. குறிப்பிட்ட அந்த இரண்டரை ஏக்கரில் 75 ஆண்டுகள் ஏர் ஓட்டியிருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. நிலத்தைப் பொறுத்தவரை அது 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து உங்கள் அனுபவத்தில் இருந்தால் போதும். பழங்குடியினர் நல அமைச்சகமும் இதே விளக்கத்தை மாநிலங்களுக்கு அளித்திருக்கிறது.

செயற்கைக்கோள் படம் கேட்பது வேடிக்கையாக இருக்கிறது. 2005-இலிருந்து 75 ஆண்டுகள் பின்னே போனால் 1930 வருகிறது. மனிதன் முதல் செயற்கைக்கோளை விண்ணுக்கு அனுப்பியதே 1957-இல்தான். 2012-இல் திருத்தப்பட்ட விதிகளில் இதைப் பற்றித் தெளிவாகவே இருக்கிறது: செயற்கைக்கோள் படம் போன்ற தொழில்நுட்பச் சான்றுகளைப் பிற சான்றுகளுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், அவற்றுக்கு மாற்றாக அதை மட்டும் வற்புறுத்தக் கூடாது. குறிப்பிட்ட ஒரு வகை ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் கோரிக்கையைத் தள்ளுபடி செய்யவும் கூடாது.

சான்றுகள் பற்றிய 13-ஆம் விதியை ஒருமுறை முழுமையாகப் படியுங்கள். அரசு ஆவணங்கள், வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது ஆகியவற்றோடு வீடு, குடிசை, சமன்படுத்திய நிலம், வரப்பு, தடுப்பணை, கிணறு, சமாதி, வழிபாட்டிடம் போன்ற கண்ணால் காணக்கூடிய அடையாளங்களும், உரிமை கோருபவர் அல்லாத ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலமும் சான்றுகளாக ஏற்கப்படுகின்றன. பொதுவாக இவற்றில் இரண்டு இருந்தால் போதும். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் சமாதியும் கல்வரப்புமே இரண்டு ஆகிவிட்டன. அவற்றைப் புகைப்படம் எடுத்து, வன உரிமைக் குழுவின் கள ஆய்வு அறிக்கையில் இடம் குறித்துச் சேர்த்துவிடுங்கள். மேய்ச்சல் ரசீதுகளைத் தயவுசெய்து பத்திரமாக வையுங்கள். வனத்துறையே உங்கள் குடும்பத்துப் பெயரில் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்த தாள், நீங்கள் அந்தக் காட்டைச் சார்ந்து வாழ்ந்தீர்கள் என்பதற்கு அரசே எழுதித் தந்த சாட்சியம். அசலை யாரிடமும் ஒப்படைக்காமல் சான்றொப்பமிட்ட நகலை மட்டும் கொடுங்கள்.

வாய்மொழி மறுப்புக்குச் சட்டத்தில் மதிப்பு கிடையாது. தள்ளுபடி செய்தால் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உட்கோட்டக் குழுவின் முடிவை எதிர்த்து 60 நாட்களுக்குள் மாவட்ட அளவிலான குழுவிடம் மனுச் செய்யலாம். உங்கள் தரப்பைக் கேட்காமல் அந்த மனுவை உங்களுக்கு எதிராக முடிக்கக் கூடாது. ஆகவே எழுத்துப்பூர்வமான உத்தரவைக் கேட்டு இன்றே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதுவரை 4(5) பிரிவின்படி, ஆய்வும் அங்கீகாரமும் முடியும் முன் உங்கள் தந்தையாரை அந்த நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது.

2019 பிப்ரவரி 13 அன்று, கோரிக்கை தள்ளுபடியானவர்களை வெளியேற்றும்படி உச்ச நீதிமன்றம் பல மாநிலங்களுக்கு உத்தரவிட்டது பலருக்கு நினைவிருக்கும். அதே மாதம் 28-ஆம் தேதி அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. தள்ளுபடிகள் உரிய நடைமுறைப்படிதான் நடந்தனவா என்ற கேள்வி எழுந்ததே அதற்குக் காரணம். எனவே எழுத்தில் காரணம் கேட்பதை வெறும் சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள்.


மறுமொழி 2
பதிந்தவர்: ஓய்வுபெற்ற வனவர்

வழக்கறிஞர் அம்மா சொன்ன சட்ட விளக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காட்டில் பணி செய்தவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். படம் கேட்கும் அலுவலர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதாக நினைக்க வேண்டாம். 2005-க்குப் பிறகு புதிதாகக் காட்டைத் திருத்திவிட்டு, 'பாட்டன் காலத்து நிலம்' என்று விண்ணப்பம் கொடுத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்; அவர்களில் பலர் மலைமக்களே அல்ல, அடிவாரத்தில் பணம் படைத்தவர்கள். அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்க 2005-ஆம் ஆண்டுப் படம் உதவுகிறது. அதை 75 ஆண்டுக் கேள்விக்குக் கொண்டுபோய் ஒட்டவைப்பதுதான் பிழை.

பட்டி மாடுகளிலும் இரண்டு வகை உண்டு. மலைமக்கள் தலைமுறையாக வளர்க்கும் செம்மறை ஒன்று. கீழ்நாட்டு முதலாளிகள் சாணத்துக்காகவும் விலைக்காகவும் மலைக்காரர் பெயரில் ஓட்டிவிடும் மந்தை மற்றொன்று. இரண்டாவது வகை பெருகினால் மானுக்கும் காட்டெருமைக்கும் புல் மிஞ்சாது, கோமாரியும் பரவும். மேய்ச்சல் உரிமை கேட்கும் கிராம சபை, எந்தக் குடும்பத்துக்கு எத்தனை மாடு என்று தானே ஒரு பதிவேடு எழுதி வைத்துக்கொண்டு கேட்டால், அதை மறுத்துப் பேச வனத்துறைக்கு வாய் இருக்காது. சட்டத்தின் 5-ஆம் பிரிவும் காட்டையும் வன உயிர்களையும் பாதுகாக்கும் பொறுப்பை உரிமை பெற்றவர்களிடமும் கிராம சபையிடமும் தந்திருக்கிறது. உரிமை பேசும் கூட்டங்களில் இந்தப் பிரிவைப் பற்றிப் பேசக் கேட்டதே இல்லை.

தம்பிக்கு உதவக்கூடிய ஒரு தகவலும் உண்டு. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டப்படி ஒரு காட்டைக் காப்புக்காடாக்க வேண்டுமானால், முதலில் 4-ஆம் பிரிவில் அறிவிக்கை வெளியிட்டு, வன செட்டில்மென்ட் அலுவலர் விசாரணை நடத்தி, யாருக்கு வழியுரிமை, யாருக்கு நீருரிமை, யாருக்கு மேய்ச்சல் என்று பதிவு செய்த பிறகே 16-ஆம் பிரிவில் இறுதியாக அறிவிக்க முடியும். உங்கள் ஊரைச் சுற்றியுள்ள காப்புக்காட்டுக்கும் அப்படியொரு கோப்பு இருந்தாக வேண்டும். அதில் ஊர்ப் பெயரோ பாதையோ பட்டியோ குறிக்கப்பட்டிருந்தால், உங்கள் ஊரின் பழமைக்கு அதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தக் கோப்பின் நகலைக் கேளுங்கள்.


மறுமொழி 3
பதிந்தவர்: எல்லைக்கு அப்பால்

நான் கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் சோளகர் ஊர்களில் பணியாற்றுகிறவன். உங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் விடை சொல்ல முயல்கிறேன்.

தனிநபர் உரிமையும் சமூக உரிமையும் வெவ்வேறு படிவங்களில் கேட்கப்படுபவை. தனிநபருக்கு 'அ' படிவம், சமூக உரிமைக்கு 'ஆ' படிவம், 2012-க்குப் பின் சமூக வன வளத்துக்கெனத் தனியாக 'இ' படிவம். ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்தி வைக்கச் சட்டம் சொல்லவில்லை. இரண்டும் கெட்டுப்போகும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. நிலத்துக்கு நான்கு ஹெக்டேர் என்ற உச்சவரம்பு உண்டு, அதை விற்கவும் முடியாது. சமூக வன வளத்துக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. ஊரின் மரபு எல்லை எதுவோ அதுவே அளவு. அந்த எல்லைக்குள் காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு அதிகாரம் கிடைக்கிறது. தேன், கடுக்காய், நெல்லி, சீமார் ஆகியவற்றைச் சேகரித்து விற்கும் உரிமையை ஒப்பந்தக்காரரிடமோ வேறு குழுவிடமோ கேட்டு வாங்க வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற கோண்டு ஊர் 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேருக்கு இந்த உரிமையைப் பெற்றது. 2011-இல் மூங்கிலை வெளியே கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டு வழங்கும் அதிகாரமும் அதன் கிராம சபையின் கைக்கு வந்தது.

புலிகள் காப்பகத்துக்குள் இது நடக்காது என்று எங்களிடமும் சொன்னார்கள். பிளிகிரி ரங்கசாமி கோயில் காடு 2011 ஜனவரியில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது; அதே ஆண்டிலேயே அங்குள்ள சோளகர் பொடுகளுக்கு (சிற்றூர்களுக்கு)ச் சமூக உரிமைப் பட்டயங்கள் கிடைத்தன. அது தானாக வந்துவிடவில்லை. ஒவ்வொரு குலத்துக்கும் உரிய எல்லையைப் பெரியவர்களோடு நடந்து, தேவரு, மாரம்மா, வீரு, கல்லுகுடி, அப்பி என்று அவர்கள் வழிபடும் இடங்கள் ஒவ்வொன்றையும் குறித்து, கருவியில் பதிந்து, வரைபடமாக்கினார்கள். ஆவணமே இல்லாத மக்கள் என்று எண்ணியிருந்த அலுவலர்களின் முன் அந்த வரைபடம் வந்தபோது பேச்சின் போக்கே மாறிவிட்டது. நீங்களும் மாதேசுவர மலைக்குப் போகும் நடைபாதையிலிருந்து தொடங்கலாம். மாடு நீர் குடிக்கும் பள்ளங்கள், பட்டி போட்ட மேடுகள், தேன்பாறைகள், குலதெய்வத் திட்டுகள் எல்லாவற்றையும் குறியுங்கள்.

பாதுகாப்பு பற்றி ஐயா எழுப்பிய கவலையையும் நான் ஏற்கிறேன், ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. சோளகர்கள் வேனிலின் தொடக்கத்தில், சருகு மட்டும் எரிந்து அணையும் சிறு தீயை இடுவார்கள். 'தரகு பெங்கி' என்பது அதன் பெயர். அது தடை செய்யப்பட்ட பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்பது அவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் கருத்து. இன்று அந்தச் செடி ஆளுயரப் புதராகி, புல் முளைக்க இடமில்லாமல் செய்திருக்கிறது. காட்டெருமைக்குப் புல் இல்லாமற்போனதற்குப் பட்டி மாட்டை மட்டும் காரணமாகச் சொல்வது கணக்கைப் பாதியில் நிறுத்துவதாகும்.


கேள்வி கேட்டவரின் பதில்
பதிந்தவர்: மலையூர்ப் பட்டதாரி

மூவருக்கும் நன்றி. ஐயா சொன்ன பதிவேட்டு யோசனையைப் பெரியப்பாவிடம் சொன்னேன். கீழ்நாட்டு மந்தைகளைப் பற்றி அவருக்கே கோபம் இருக்கிறது, எழுதலாம் என்றார்.

இரண்டு சிக்கல்கள் மீதமிருக்கின்றன. எங்கள் ஊராட்சியில் மலை முழுவதும் சிதறிய பல சிற்றூர்கள் சேர்ந்திருக்கின்றன. கிராம சபை கூடினால் எங்கள் ஊரிலிருந்து போவதற்கே ஒரு பகல் கழிந்துவிடுகிறது, பெண்கள் வருவதேயில்லை. அடுத்தது, சீருடை அணிந்தவர்கள் வந்து நின்றால் பெரியவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். 1992-இல் வாச்சாத்தியில் வனத்துறையினரும் காவல்துறையினரும் நடத்திய வன்கொடுமை எங்கள் சமூகத்தவருக்குத்தான் நேர்ந்தது. 269 அரசு ஊழியர்கள் மீது வழக்கு நடந்து, 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தண்டனை வழங்கி, 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது என்பதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னாலும், '31 வருடம் ஆனதே' என்றுதான் அவர்கள் பதில் சொல்கிறார்கள்.


மறுமொழி 4
பதிந்தவர்: நிலச்சட்ட வழக்கறிஞர்

தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை; எனவே அத்தகைய பட்டியல் பகுதிகளுக்கான 1996-ஆம் ஆண்டின் ஊராட்சி விரிவாக்கச் சட்டம் நமக்குக் கிடையாது. ஆனால் வன உரிமைச் சட்டம் 'கிராமம்' என்பதற்குத் தனி வரையறை தருகிறது. அதில் வன கிராமங்களும், பழைய குடியிருப்புகளும், அளவை செய்யப்படாத ஊர்களும், அறிவிக்கை செய்யப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் அடங்கும். பெரிய ஊராட்சிகளில் சிற்றூர் அளவிலேயே கிராம சபையைக் கூட்ட வேண்டும் என்று அமைச்சகம் 2012 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதைச் சுட்டி மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுத்து, உங்கள் ஊரிலேயே கூட்டம் நடத்தக் கேளுங்கள். கூட்டத்துக்கு உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். எனவே பெண்கள் வராவிட்டால் அந்தத் தீர்மானமே நிற்காது என்பதை ஆண்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பட்டயமும் கணவன் மனைவி இருவர் பெயரிலும்தான் வரும்.

கள ஆய்வின்போது வனத்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் வந்து கையொப்பமிட வேண்டும் என்பது விதி. அதை அச்சத்துக்குரியதாகப் பார்க்காமல் உங்களுக்குச் சாதகமாகப் பாருங்கள்: பின்னால் அவர்கள் மறுக்க முடியாது. முறையாக அறிவிப்புக் கொடுத்தும் வராமல், பிறகு ஆட்சேபம் சொன்னால் மறு ஆய்வுக்கு அழைக்கலாம். அதற்கும் வராவிட்டால் கிராம சபையின் முடிவே இறுதியானது. பெரியவர்களின் வாக்குமூலத்தை அவர்கள் வரும் நாளுக்கு முன்னரே, ஊர் மத்தியில், உங்கள் குழுவே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளலாம். மேய்ச்சல்காரர்களின் கோரிக்கையை அவர்கள் ஊரில் இருக்கும் காலத்தில்தான் ஆய்வு செய்ய வேண்டும் என்றும் விதி இருக்கிறது. பட்டியோடு காட்டுக்குள் இருக்கும் மாதங்களில் தேதி குறித்தால் எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

சரணாலயத்தைப் பற்றி நான் முன்பு எழுதாமல் விட்டதற்குக் காரணம், அது எளிதான விடை இல்லாத கேள்வி. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் மாநிலத்தின் எல்லாக் காடுகளிலும் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்து, அதே மாதத்தில் அந்தத் தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் எனச் சுருக்கியது. அன்று வெறும் காப்புக்காடாக இருந்த பர்கூர், 2024 அறிவிக்கையால் அந்த வரம்புக்குள் வந்துவிட்டது. உங்கள் ஊர்க்காரர்களின் அச்சம் வீணானதல்ல. எதிர்த்தரப்பு இந்தத் தீர்ப்பைத்தான் முதலில் எடுத்து வைக்கும்.

உங்கள் தரப்பில் சொல்ல வேண்டியவையும் உண்டு. வன உரிமைச் சட்டம் வன நிலம் என்று வரையறுப்பதில் சரணாலயமும் தேசியப் பூங்காவும் அடங்கும். மேய்ச்சல் உரிமை 3(1) பிரிவிலேயே இருக்கிறது. பிற சட்டங்களில் என்ன இருந்தபோதிலும் இந்த உரிமைகள் அங்கீகரிக்கப்படுகின்றன என்று 4(1) பிரிவு தொடங்குகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 33-ஆம் பிரிவும் சரணாலயத்தில் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவோ கட்டுப்படுத்தவோ தடை செய்யவோ தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அதிகாரம் தருகிறது. அந்தப் பிரிவு தானாகவே மேய்ச்சலை அடியோடு ஒழித்துவிடவில்லை. இவற்றையெல்லாம் வாதமாக வைக்க வேண்டுமானால், முதலில் உங்கள் மேய்ச்சல் உரிமை 'ஆ' படிவத்தில் கோரப்பட்டு, கிராம சபைத் தீர்மானத்தோடு பதிவில் இருக்க வேண்டும். கோரப்படாத உரிமைக்காக எந்த நீதிமன்றத்திலும் நான் வாதாட முடியாது. ஆகவே பெரியவர்களின் தயக்கத்துக்காக இதைத் தள்ளிப்போடாதீர்கள்; இப்போதைக்குத் தடையை மீறி மாட்டை ஓட்டிச் சென்று வழக்கில் சிக்கவும் வேண்டாம்.


மறுமொழி 5
பதிந்தவர்: ஓய்வுபெற்ற வனவர்

ஒரு சிறு குறிப்பு மட்டும். தகவல் மனுவில் 'ஈரோடு மாவட்டம், அந்தியூர் வட்டம்' என்று எழுதினால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று பதில் வரக்கூடும். ஈரோடு மாவட்டம் பிரிக்கப்பட்டதே 1979-இல்தான். அதற்கு முந்தைய தாள்கள் எல்லாம் கோயம்புத்தூர் மாவட்டம், பவானி தாலுகா என்ற தலைப்பில்தான் இருக்கும். மாதேசுவர மலைப் பக்கத்துப் பாதைகளும் மேய்ச்சலும் தொடர்பான பழைய பதிவுகளைக் கொள்ளேகால் தாலுகா என்ற பெயரிலும் தேட வேண்டும். 1956-இல் மைசூரோடு சேரும் வரை அதுவும் கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. காப்புக்காட்டின் பெயர் வடபர்கூரா தென்பர்கூரா என்பதையும் பிரித்து எழுதுங்கள். நகல் தர மறுத்தால், கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள்.